மனுவின் கடைசிப் பத்தி

பகைவனுக்கு இங்கிலீஷில் எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் நான் ஒரு காலத்தில் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவேன். எனிமி, ஃபோ, ரைவல், ஒப்பனன்ட், அட்வர்சரி. ஐந்தாம் ஃபாரம் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

ஒப்பனன்ட் என்பவன் எதிரே நிற்பவன், அவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுப்பேன். பந்தாட்டம் முடிந்தால் அவனோடு கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ரைவல் என்பவன் நீ ஆசைப்படும் அதே பொருளுக்கு ஆசைப்படுபவன். அவன் உனக்குக் கெடுதல் நினைக்கவேண்டும் என்பதில்லை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்களைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாக அகராதி சொன்னது. ஃபோ பாட்டில் வரும், சந்தையில் சொன்னால் சிரிப்பார்கள். அட்வர்சரி கோர்ட்டில் வரும். பூவாரிலிருந்து வந்து படித்த ஒரு பையன் எழுந்து நின்று, அது சாத்தானுக்கும் பெயர், கோயிலில் உபதேசியார் சொன்னார் என்றான். சரிதான் என்றேன். எனிமி மட்டும் வேறு ஜாதி. உன் அழிவை விரும்புகிறவன் எனிமி, அந்தச் சொல்லை எடுக்கும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கவேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் பலகையைத் தட்டிச் சொல்வேன். நம்மிடமும் பகைவன், எதிரி, விரோதி, சத்துரு என்று சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கோழி வந்து விதையைக் கிளறினாலும் சத்துருதான், மூத்த மருமகளுக்கு இளைய மருமகளும் சத்துருதான். அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் பயந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் இப்படிப் பிரித்துப் பிரித்துச் சொன்ன நான், வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிடுவேன். வீட்டில் நான் மனு எழுதினேன்.

அன்றைக்கு நாங்கள் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். தமிழில் மனு எழுதிக் கொடுத்தால் மடித்து ஒரு மூலையில் வைப்பார்கள். மலையாளத்தில் கொடுத்தால் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் படிப்பார். இங்கிலீஷில் கொடுத்தால் ரைட்டருக்குத் தடுமாற்றம் வந்து அதை இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அனுப்புவார். அதனால் வேலி பிரிந்த காரியம், பசு மரச்சீனிச் செடியைத் தின்ற காரியம், கிணற்றுக் கப்பி காணாமல் போன காரியம் எல்லாம் இங்கிலீஷில் எழுதப்படுவதற்காக என் வீட்டு வாசலுக்கு வந்தன. பதிலுக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலை வரும், சில சமயம் வெறும் கும்பிடு வரும். நானும் அந்தக் கும்பிடுக்குத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

இதில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, மனு எழுதிக் கொடுத்தவன் பெயரை மனுதாரர் வெளியே சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரன்மேல் மனு எழுதிய வாத்தியார் நாளைக்கு அவன் பிள்ளைக்கும் பாடம் எடுக்கவேண்டும் அல்லவா. இந்த வழக்கத்தை யாரும் மீறியதாக நான் கேட்டதில்லை. இரண்டாவது, கடைசிப் பத்தி. எனக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த வாத்தியார் விட்டுப்போன ஒரு பழைய மாதிரிப் புத்தகத்தில் அது இருந்தது. எந்த மனுவானாலும் அதைச் சேர்த்துத்தான் முடிப்பார்கள். எதிர்த்தரப்புக்காரர் மனுதாரருக்கு மட்டும் அல்ல, பொது அமைதிக்கும் சர்க்காருக்கும் வழக்கமாகவே விரோதமாக இருப்பவர், ஆகவே தக்க நடவடிக்கை வேண்டும் என்பது அதன் சாரம். அதில் விரோதமான என்பதற்கு வரும் 'இனிமிக்கல்' என்ற சொல்லை நான் வாசித்துக் காட்டும்போது மனுதாரர்கள் முகம் மலர்ந்துபோகும். பசுவைக் கட்டாமல் விட்டவனும் சர்க்காருக்கு விரோதி, கப்பியைத் திருடியவனும் சர்க்காருக்கு விரோதி. கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து என்று போடுகிற மாதிரிதான் அதுவும். இன்ஸ்பெக்டரும் அதைத் தாண்டிப் போய்விடுவார். அந்தப் பத்தியால் ஒருவனுக்கும் ஒரு கீறலும் விழுந்ததில்லை.

செங்கல் என்ற ஊருக்குப் பிரியும் ஒரு முக்கில் எதிரெதிரே இரண்டு டீக்கடைகள் இருந்தன. ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். மேலக்கடை, கீழக்கடை என்று ஊர் சொல்லும். இரண்டு கடைக்காரர்களுக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. மேலக்கடைக்காரர் மலையாளப் பத்திரிகை வாங்கிப் போட்டார், கீழக்கடைக்காரர் தமிழ்ப் பத்திரிகை வாங்கிப் போட்டார். அது அரசியல் அல்ல. ஒருவர் வாங்கியதை மற்றவர் வாங்கினால் என்ன கௌரவம்? இருவர் வீட்டிலும் பேசியது ஒரே பேச்சு, பாதி அதில் பாதி இதில். காலையில் ஒருவர் மற்றவரைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். ஆனால் மேலே பால் திரிந்து போனால் கீழே இருந்து ஒரு செம்பு பால் ஏறிப் போகும். கொண்டுபோகிறவர் திட்டிக்கொண்டே கொண்டுபோவார், வாங்குகிறவர் திட்டிக்கொண்டே வாங்குவார். என்னைக் கேட்டால் ரைவல் என்ற சொல்லுக்கு அவர்களைவிட நல்ல உதாரணம் அகராதியில்கூடக் கிடையாது.

சண்டை பஸ்ஸால் வந்தது. பஸ் எப்போதும் மேலக்கடை முன்னால்தான் நிற்கும். கீழக்கடைக்காரர் ரோட்டோரம் ஓலைப் பந்தல் ஒன்று போட்டு, ஒரு பெஞ்சு இட்டு, டிரைவருக்கு நாலு நாள் டீ கொடுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் பஸ் பந்தல் முன்னால் நின்றது. வெயிலுக்குப் பயந்த பெண்களும் பிள்ளைகளும் அங்கேயே இறங்கினார்கள். மேலக்கடைக்காரர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு முடிந்த நேரத்தில் என் வீட்டுக்கு வந்தார்.

"சாரே, அவனுக்க பந்தல் ரோட்டுல கேறி நிக்குது. பஸ்சும் இப்போ அவனுக்க நடையிலதான் நிக்குது. எனக்க கடையில ஈ ஆடுது. பந்தலப் பிரிக்கச் சொல்லி ஒரு மனு வேணும்" என்றார்.

எழுதத் தொடங்கினேன். எதிர்க்கடைக்காரரை என்ன சொல்லிக் குறிப்பது என்ற இடம் வந்ததும் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "ரைவல்னு போடலாம். போட்டிக் கடைக்காரன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "போட்டின்னு சொன்னா அவன் எனக்கு சமம்னு ஆயிரும். இன்ஸ்பெக்டர் ஏமான் வாசிச்சுட்டு, ரெண்டு பேரும் நல்லா யாவாரம் செய்யுங்கன்னு சொல்லி விட்டிருவாரு. கொஞ்சம் காரமா ஒண்ணு போடுங்க சாரே."

"எனிமின்னு ஒண்ணு உண்டு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"சத்துரு."

"அதாக்கும் வேண்டியது" என்றார்.

ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எழுதினேன். கடைசிப் பத்தியையும் பார்க்காமலே எழுதினேன், எனக்கு அது மனப்பாடம். வாசித்துக் காட்டியதும் அவர் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். போகும்போது மனம் நிறைந்து போனார். மறுநாள் காலையில் கீழக்கடையிலிருந்து அவருக்குப் பால் போனதை நானே பார்த்தேன்.

மனு போனது எந்தக் காலம் என்பதை நான் நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டும். தென்தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் அப்போது உச்சத்தில் இருந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அந்தக் கணக்கில் இருந்தது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊர் இரண்டுபட்டபோது கூத்தாடிக்குக்கூடக் கொண்டாட்டம் இல்லை, எல்லோருக்கும் பயம்தான். பஸ்ஸில் என்ன பாஷையில் டிக்கெட் கேட்பது என்று யோசித்துப் பேசினார்கள். நேற்றுவரை இரண்டையும் கலந்து பேசியவர்கள் வாயைக் கழுவிக்கொண்டு ஒன்றை மட்டும் பேசப் பார்த்து, முடியாமல் விழித்தார்கள். ஊர்வலம் வந்தது, தடையுத்தரவு வந்தது. பிறகு ஒரு நாள் தெற்கே மார்த்தாண்டம் பக்கம் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயர்ப் பட்டியல் தயாரானது. பட்டியலுக்குப் பெயர் எங்கே கிடைக்கும்? பழைய காகிதங்களைப் புரட்டினார்கள்.

சுட்ட செய்தி வந்த நாலாம் நாள் காலையில் கீழக்கடைக்காரர் சமாவரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கடை திறந்து கிடந்தது. பந்தலைப் பிய்த்து ரோட்டில் எறிந்திருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை வாங்குகிற கடை, பையன்கள் கூடுகிற கடை, அதனால் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குச் சம்பந்தம் உண்டு என்று தோன்றவே இல்லை.

மதிய இடைவேளையில் மேலக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைக் கிணற்றோரமாகத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"சாரே, தப்பு நடந்துபோச்சு. அவனப் பிடிச்சதும் நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவன் அரசியல்காரன் இல்ல, டீக்கடைக்காரனாக்கும்னு சொன்னேன். ரைட்டர் நம்ம மனுவ எடுத்துக் காட்டினாரு. இவன் சர்க்காருக்க எனிமின்னு நீயேதானே எழுதிக் குடுத்திருக்கேன்னு கேட்டாரு. ஏமானே, அது பந்தல் காரியமாக்கும், அந்தக் கடைசி வரி எல்லா மனுவுலயும் உண்டுன்னு சொன்னேன். அப்போ இத எழுதினவன வரச்சொல்லு, வழக்கத்துக்கு எழுதினதுன்னு அவன் வந்து சொல்லட்டு, இன்ஸ்பெக்டரிட்ட பேசலாம்னு சொன்னாரு."

எனக்கு வாயில் முதலில் வந்த கேள்வி இது: "எனக்க பேரச் சொன்னீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது. "அத சொல்லுவனா? மனு எழுதினவருக்க பேரு வெளிய வரப்பிடாது. சாரு தானா வந்து சொன்னாத்தான் உண்டு. அங்க உள்ள அவனுக்க சத்தம் கேக்குது சாரே."

நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

என் பயம் பொய்யல்ல. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார் என்பதற்காகவே வேலை போயிருந்தது. ஹெட்மாஸ்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். நான் தமிழன், வாத்தியார். ஸ்டேஷன் படியேறி, எழுதியவன் நான்தான் என்று சொன்னால், ஒரே நிமிடத்தில் என் பெயரும் பட்டியலில் ஏறும் என்று நினைத்தேன். ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருந்திருக்கலாம். போய்ப் பார்க்காத எனக்கு அது எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் புதிதாக ஒரு மனு எழுதினேன். அவர் எனக்கு எனிமி அல்ல, தொழிலில் ரைவல் மட்டுமே, முந்தைய மனுவின் கடைசிப் பத்தி பழக்கத்தால் வந்தது, அதில் உண்மை இல்லை என்று மேலக்கடைக்காரர் சொல்வதாக எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான இங்கிலீஷ் எழுதியதில்லை. ஒவ்வொரு சொல்லும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே அதனதன் இடத்தில் இருந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோனார். ரைட்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே கைதான் இரண்டையும் எழுதியிருக்கிறது, அந்தக் கையை இங்கே கொண்டு வா, தாள் போதாது என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

மேலக்கடைக்காரர் என்னிடம் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை கெஞ்சவில்லை, வந்து நின்றுவிட்டுப் போனார். கடையைப் பூட்டிவிட்டு அவர் தினமும் கஞ்சித் தூக்கோடு ஸ்டேஷனுக்குப் போனார். உள்ளே விடமாட்டார்கள், தூக்கோடு திரும்புவார். கீழக்கடைக்காரர் மனைவிக்குப் பால் கொடுத்தனுப்பினார். மனு யார் கொடுத்தது என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அவள் பாலை ரோட்டில் ஊற்றிவிட்டுச் செம்பைத் திருப்பி அனுப்பினாள். நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வகுப்பெடுத்தேன். தினமும் சாப்பிட்டேன். உறங்கவும் செய்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை.

ஒன்பதாம் நாள் கீழக்கடைக்காரரை வேறு சிலரோடு சேர்த்து வெளியே விட்டார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை, போட ஒன்றும் இருக்கவில்லை. உடம்பின் மேல் பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் உள்ளே. ஒன்றுக்குப் போனால் ரத்தமாகப் போகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வைத்தியர் கஷாயம் கொடுத்தார், எண்ணெய் கொடுத்தார். கடை திறக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்து ஒரு காலையில் அவரே என் வீட்டுக்கு வந்தார். மனைவி குடை பிடித்து ஒரு கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் வலிக்கும் என்று சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். ஒரு காலத்தில் சமாவருக்குப் பின்னால் நின்று ரோட்டின் அந்தப் பக்கம் கேட்கும்படி பேசியவர், பக்கத்தில் நின்று கேட்டாலும் காதில் விழாதபடி பேசினார்.

"சாரே, அந்த மனு எழுதின கை ஆருக்கதுன்னு சாருக்குத் தெரியுமா? நல்ல இங்கிலீஷாக்கும்னு ரைட்டரே சொன்னாரு."

நான் எழுதியதுதான் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அப்போது சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? நிற்கவே முடியாத மனிதன் என்னை அடிக்கப் போகிறாரா? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பதில். அது கிடைத்திருந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் இருந்தவரைப் பற்றி அவர் நெஞ்சில் இருந்தது கொஞ்சமாவது மாறியிருக்கும். பால் கொடுத்து வாங்கிய இருபது வருஷமும் திரும்பக் கிடைத்திருக்கும். இதெல்லாம் எனக்கு அந்த நிமிடத்திலேயே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"நெய்யாற்றின்கரையில கோர்ட்டு முன்னால எழுதிக் குடுக்கிறவங்க உண்டு. அங்க போய் எழுதியிருப்பாங்க."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன் இல்லியா? நம்ம சார் எழுதமாட்டாரு" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். "மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதணும் சாரே. அவனுக்கு எதிரா. அதுல அவன எனிமின்னு போடணும். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் அதச் சொல்லித்தான் அடிச்சாங்க. இங்கிலீஷ்ல நான் படிச்ச ஒரே வார்த்தையாக்கும்."

எழுதினேன். அவர் சொன்னபடியே மேலக்கடைக்காரரை எனிமி என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பத்தியைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்காததையே பெரிய பிராயச்சித்தம் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். நானே தபாலில் போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

போடவில்லை. மேலதிகாரி அதைக் கீழே அனுப்பினால், அது அதே ரைட்டர் மேஜைக்குத்தான் வரும். அதே கையெழுத்து மூன்றாம் முறையாக வந்தால் என்ன ஆகும்? அவர்கள் வாசல் படலையைத் தாண்டிப் போனதும் சமையலறைக்குப் போய் அடுப்பில் வைத்தேன். என் மனைவி என்னவென்று கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பழைய தாள் என்றேன்.

அதற்குப் பிறகு வழியில் அவர் மனைவியை எப்போது பார்த்தாலும், "பதில் வந்துதா சாரே, அவரு கேக்காரு" என்பாள். சர்க்கார் காரியம் அல்லவா, மெல்லத்தான் வரும் என்பேன். பதிலுக்காக அவர் தினமும் தபால்காரன் வரும் நேரத்தில் நடைவாசலுக்கு நகர்ந்து வருகிறார் என்று ஒரு நாள் சொன்னாள். அந்த வழியே நடப்பதை விட்டு, அதன் பிறகு சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனேன்.

மறுவருஷம் ஆடி மழையில் அவர் செத்துப்போனார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் வீட்டுப் பறம்பில் நிற்கும் மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். அவர் பறம்பில் தென்னையைத் தவிர வேறு மரம் இல்லை. யார் வீட்டில் கேட்பது என்று ஆண்கள் பேசிக்கொண்டு நின்றபோது ரோட்டில் மேலக்கடைக்காரர் வந்தார். தன் கடைக்குப் பின்னால் நின்ற மாமரத்தை விடியற்காலையிலேயே வெட்டியிருக்கிறார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மரத்துண்டைத் தானே தோளில் சுமந்துகொண்டு மழையில் வந்தார். பட்டையோடு ஈரமாக இருந்தது. சட்டை போடாத தோளில் மரத்தின் பால் வடிந்து கறுத்திருந்தது.

இறந்தவரின் மனைவி உள்ளே இருந்து அவரைப் பார்த்தாள். அழுகையை நிறுத்தினாள். "அவன இங்க கேறாண்டாம்னு சொல்லுங்க. அவனுக்க விறகும் வேண்டாம். தேங்காத் தொண்டும் செரட்டையும் போதும்" என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

மேலக்கடைக்காரர் படலைக்கு வெளியே நின்றார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். நான் அவருக்கு நேர் எதிரே, கூரைக்கடியில், பத்தடி தூரத்தில் நின்றேன். அவர் வாயைத் திறந்து, எழுதினது அந்தா நிக்கிற சாராக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லிவிடு என்று என்னில் பாதி கெஞ்சியது, சொல்லாதே என்று மறுபாதி கெஞ்சியது. அவர் சொல்லவில்லை. தோளில் இருந்த மரத்துண்டை ரோட்டோரத்தில் இறக்கி வைத்தார். போகவும் இல்லை, அதன் பக்கத்திலேயே மழையில் நின்றார்.

இறந்தவரின் அண்ணன் அதற்குள் வீட்டுக்குள்ளே போய், அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துவர்த்தால் அதைத் துடைத்து எனக்கு முன்னால் போட்டார்.

"சாரு எவ்வளவு நேரம் நிப்பீங்க. அவனுக்காக மனு எல்லாம் எழுதிக் குடுத்தீங்க. இருங்க சாரே" என்றார்.

நான் உட்கார்ந்தேன்.